டைமர் வைத்தால் கிளிக் ஏறுகிறது, ரீஃபண்டும் ஏறுகிறது. எதை எடுப்பது, எதை வைப்பது?

படிக்கட்டு:
வணக்கம். இணையவழிப் பயிற்சி வகுப்பு ஒன்றின் விற்பனைப் பக்கத்தில் இப்போது இருப்பவை: மேலே 15 நிமிட கவுன்ட்டவுன் டைமர் (ரீஃப்ரெஷ் செய்தால் மறுபடி 15-இல் தொடங்கும்), மூலையில் "இப்போது 23 பேர் பார்க்கிறார்கள்" என்ற பெட்டி (ஒரு ஸ்கிரிப்ட் எண்ணை மாற்றிக்கொண்டே இருக்கும்), 40 ரிவ்யூ, அத்தனையும் ஐந்து நட்சத்திரம், இலவச பிடிஎஃப் பெற மின்னஞ்சல் படிவம். மக்களை இணங்கவைப்பது பற்றி உளவியலாளர் சியால்டினி 1984-இல் சொன்ன ஆறு கோட்பாடுகளையும் பக்கத்தில் வைத்தாயிற்று. இவற்றைச் சேர்த்ததிலிருந்து "வாங்கு" பட்டனை அமுக்குகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஆனால் பணம் கட்டி முடிப்பவர்கள் அதே 100-க்கு 3 பேர்தான். ரீஃபண்ட் கேட்பது மட்டும் கூடிவிட்டது. நாளுக்கு 400 பேர் வருகிறார்கள். எதை எடுத்துவிடலாம்? ஏ/பி டெஸ்ட் (வருபவர்களில் பாதிப் பேருக்கு ஒரு பக்கம், மீதிப் பேருக்கு இன்னொரு பக்கம் காட்டி ஒப்பிடுவது) எப்படி வைப்பது?

உள்மனம்:
டைமரையும் அந்த 23 பேர் பெட்டியையும் இன்றே எடுத்துவிடுங்கள். இதற்கு டெஸ்ட் எதுவும் வேண்டாம், இரண்டும் பொய்.

தட்டுப்பாட்டைச் சொல்லி விற்பதில் எண்ணிக்கையைவிடக் காரணம்தான் பெரிது. வொர்ச்செலும் உடன் ஆய்வாளர்களும் 1975-இல் பிஸ்கட் ஜாடிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். 10 பிஸ்கட் இருந்த ஜாடியைவிட 2 மட்டும் இருந்த ஜாடியின் பிஸ்கட்டை மக்கள் அதிகம் விரும்பினார்கள். 10 இருந்தது கண்ணெதிரே 2-ஆகக் குறைந்தபோது விருப்பம் இன்னும் ஏறியது. மற்றவர்கள் கேட்டு வாங்கியதால் குறைந்தது என்று தெரிந்தபோது அதற்கும் மேலே போனது. ஆக "இடங்கள் குறைவு" என்று மொட்டையாக எழுதுவதில் பயனில்லை. "பயிற்சித்தாள்களை ஒரே ஆசிரியர் திருத்துகிறார், அதனால் ஒரு தொகுதிக்கு 60 பேர்தான்" என்பது காரணம். அது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

டைமரை ஒருமுறை ரீஃப்ரெஷ் செய்தவருக்குக் குட்டு உடைந்துவிடுகிறது. விற்பவரின் உத்தியை வாங்குபவர் அடையாளம் கண்டுகொண்டால் என்ன ஆகும் என்பதைத்தான் ஆய்வாளர்கள் ஃப்ரீஸ்டாடும் ரைட்டும் 1994-இல் எழுதினார்கள்: அதன்பின் அவர் எல்லாவற்றையும் எச்சரிக்கையோடு பார்க்கிறார். பக்கத்தில் உள்ள நிஜமான ரிவ்யூகூட அவர் கண்ணுக்கு நாடகமாகத் தெரியும். குட்டு தெரியாதவர் பதற்றத்தில் வாங்குகிறார், பதற்றம் தணிந்ததும் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். உங்கள் ரீஃபண்டில் கணிசமான பங்கு இதுவாகத்தான் இருக்கும்.

கெடுவும்கணக்கும்:
டைமரே ஆகாது என்று முடிவுகட்ட வேண்டாம். கெடு நிஜமாக இருந்தால் நன்றாகவே வேலை செய்யும். முடிவு நேரத்தை பிரவுசரில் வைக்காமல் சர்வரில் வையுங்கள். தேதி, மணி, எந்த நேர மண்டலம் என்று எழுத்தாகவும் காட்டுங்கள். கெடு முடிந்த நொடியில் வாங்கும் பட்டன் மூடிக்கொண்டு, அடுத்த தொகுதிக்கான காத்திருப்புப் பட்டியல் திறக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது மின்னஞ்சலில்தான்: பக்கத்தில் கெடு முடிந்திருக்கும், பழைய மெயிலில் உள்ள நேரடி செக்அவுட் லிங்க் (பணம் கட்டும் பக்கத்துக்குக் கூட்டிப்போவது) அதே சலுகையில் திறந்தே கிடக்கும். அந்த லிங்க்கும் சர்வர் நேரத்தைப் பார்த்தே திறக்க வேண்டும்.

சான்றுப்பலகை:
ரிவ்யூ பற்றி. நாற்பதும் ஐந்து நட்சத்திரமாக இருப்பதுதான் சிக்கல். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்பீகல் ஆய்வு மையம் கண்டது, வாங்கும் வாய்ப்பு 4.0 முதல் 4.7 வரையிலான சராசரியில் உச்சம் தொட்டு, 5-ஐ நெருங்கும்போது இறங்குகிறது என்பது. இதற்காகக் குறையை நீங்களே எழுதிச் சேர்க்கக் கூடாது. வகுப்பை முடித்த எல்லோருக்கும் ரிவ்யூ கேட்டு மெயில் அனுப்பி, வருவதை வடிகட்டாமல் போட்டாலே போதும். "மூன்றாம் பாடம் வேகமாக ஓடுகிறது, இரண்டு முறை பார்க்க வேண்டியிருந்தது" என்கிற நான்கு நட்சத்திர ரிவ்யூவின் கீழே நீங்கள் ஒரு பதில் எழுதினால், அது பத்துப் பாராட்டுகளுக்குச் சமம்.

யார் எழுதியது என்பதும் முக்கியம். ஹோட்டல் துண்டுகளை மறுபடி பயன்படுத்தச் சொல்லும் அட்டைகளை வைத்து 2008-இல் வெளிவந்த ஆய்வில், சுற்றுச்சூழலைக் காக்கச் சொன்ன அட்டைக்கு ஏறத்தாழ 37 சதவீதம் பேர் இணங்கினார்கள். "இதே அறையில் தங்கியவர்கள் இப்படிச் செய்தார்கள்" என்ற அட்டைக்கு 49 சதவீதம். தன்னைப் போன்றவர் செய்தார் என்றால்தான் மனம் நகரும். அதனால் நாற்பதையும் ஒரே சுவரில் ஒட்டாமல், "எனக்கு அடிப்படையே தெரியாதே" என்ற தயக்கம் எழும் பத்தியின் அருகே அடிப்படை தெரியாமல் சேர்ந்தவரின் ரிவ்யூவை வையுங்கள்.

இன்னொன்று. "பெரும்பாலானோர் பாதியில் விட்டுவிடுகிறார்கள், நீங்கள் விடாதீர்கள்" என்று நினைவூட்டல் மெயில் போகிறதா? அதை நிறுத்துங்கள். பாதியில் விடுவதுதான் வழக்கம் என்று நீங்களே சொல்லிக்கொடுத்தது போலாகும். அரிசோனாவின் கல்மரக் காட்டுப் பூங்காவில் சியால்டினி குழு செய்த சோதனையில், பலர் கல்மரத் துண்டுகளை எடுத்துச் சென்றதைச் சொன்ன பலகை இருந்த பாதையில் திருட்டு 7.92 சதவீதம். எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொன்ன பலகைக்கு 1.67.

படிக்கட்டு:
அப்படி ஒரு மெயில் போகிறது, நிறுத்திவிடுகிறேன். கிளிக் கூடியும் பணம் கட்டுவது கூடாததற்கும் டைமர்தான் காரணமா? பிடிஎஃப் படிவம் இருக்கலாமா?

வாசல்வரை:
டைமர் ஒரு காரணம்தான். செக்அவுட்டை போனில் நீங்களே ஒருமுறை கடைசி வரை செய்து பாருங்கள். முதல் பக்கத்தில் காட்டாத கட்டணம் கடைசியில் சேர்கிறதா, பணம் கட்டும் முன் கணக்குத் தொடங்கக் கட்டாயப்படுத்துகிறதா, கூப்பன் கட்டம் கண்ணில் பட்டு வாங்க வந்தவர் கூப்பன் தேடி வெளியே போகிறாரா? இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் எந்த உளவியலும் கைகொடுக்காது. முன்கூட்டியே டிக் செய்த கூடுதல் சேவை ஏதாவது இருந்தால் அதையும் எடுங்கள், அது நேரே ரீஃபண்டில் போய் முடியும்.

பிடிஎஃப்: மின்னஞ்சலைக் கொடுத்தால்தான் தருவேன் என்பது பண்டமாற்று, அதில் பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற கைமாறு உணர்வு பிறக்காது. அதற்குப் பதிலாக 10 நிமிடப் பாடம் ஒன்றையும் அதற்கான பயிற்சியையும் படிவம் இல்லாமல் திறந்துவிடுங்கள். பயிற்சியை முடித்தவரிடம் "விடையைத் திருத்தி அனுப்பட்டுமா?" என்று கேட்டு அப்போது மின்னஞ்சல் வாங்குங்கள். சின்ன விஷயத்துக்கு இணங்கியவர் பெரியதற்கும் இணங்குவது 1966-இல் ஃப்ரீட்மன், ஃப்ரேசர் ஆய்விலேயே தெரிந்ததுதான். சின்னதும் பெரியதும் ஒரே வகைச் செயலாக இருந்தால் இன்னும் நல்லது. பாடம் செய்து பார்ப்பது அப்படி, பிடிஎஃப் இறக்குவது அப்படியில்லை.

கெடுவும்கணக்கும்:
டெஸ்ட் கணக்கு. 3 சதவீதம் 3.6 ஆனதா என்பதை வழக்கமான அளவில் (95 சதவீத நம்பகம், அதாவது வித்தியாசமே இல்லாதபோது பொய் வெற்றி காட்டும் வாய்ப்பு 5 சதவீதம்; 80 சதவீத திறன், அதாவது அந்த வித்தியாசம் நிஜமாக இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு 80 சதவீதம்) கண்டுபிடிக்க, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறத்தாழ 14,000 பேர் வேண்டும். நாளுக்கு 400 பேர் என்றால் 70 நாள். பட்டன் நிறம், தலைப்பில் ஒரு சொல் என்று சோதிக்க உங்களுக்குக் கட்டுப்படியாகாது. 3-லிருந்து 4.5-க்குத் தூக்கக்கூடிய பெரிய மாற்றமாக வையுங்கள்: பழைய பக்கம் ஒன்று, திறந்த பாடத்தோடு தொடங்கும் பக்கம் இன்னொன்று. பக்கத்துக்கு 2,500 பேர் போதும், இரண்டு வாரத்தில் முடியும்.

இடையில் எட்டிப் பார்த்து, முன்னே இருப்பது ஜெயித்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள். தினமும் பார்த்து நிறுத்துகிறவர்களுக்குப் பொய் வெற்றி 5 சதவீதத்தைவிட மிக அதிகமாகவே வரும். முழு வாரங்களாக ஓட்டுங்கள், வாரநாளில் வருபவரும் வாரக்கடைசியில் வருபவரும் ஒரே மாதிரி வாங்குவதில்லை. கடைசியாக, எண்ண வேண்டியது கிளிக்கை அல்ல, ரீஃபண்ட் போக நின்ற விற்பனையை. ரீஃபண்ட் கெடு 14 நாள் என்றால், கடைசி ஆள் வாங்கி 14 நாள் கழித்துதான் எந்தப் பக்கம் வென்றது என்று பாருங்கள்.