அம்மா இருக்கும் இல்லத்தில் தீ ஒத்திகை: எங்கள் குடும்பக் குழுவில் பேசியது

பெரியக்கா (பட்டர்வொர்த்): அனைவருக்கும் வணக்கம். அம்மா தங்கியிருக்கும் முதியோர் இல்லத்திலிருந்து அறிவிப்பு வந்திருக்கிறது. வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தீ ஒத்திகை நடத்துகிறார்களாம். குடும்பத்தினரின் கருத்தையும் கேட்டிருக்கிறார்கள். ஒத்திகை நடப்பது மிக நல்ல செய்தி. ஆனால் அந்த நேரத்தில் மேலாளர், சமையல்காரர், துப்புரவுப் பணியாளர் என்று எல்லாரும் அங்கே இருப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு மாடியில் இருப்பவர்கள் இரண்டு பராமரிப்பாளர்கள் மட்டுமே. அந்த இருவரை மட்டும் வைத்து ஒத்திகை பார்க்க வேண்டும் என்று எழுதலாமா?

தம்பி (கோலாலம்பூர்): அக்கா, நீங்கள் சொல்வது புரிகிறது. எனக்கு அம்மாவை நினைத்துத்தான் கவலையாக இருக்கிறது. மறதி நோய் வந்த பிறகு வாசல் மணி அடித்தாலே நடுங்குகிறார். எச்சரிக்கை மணியை ஒலிக்கவிட்டுப் படுக்கையிலிருந்து தூக்கினால் பல நாள் உறங்க மாட்டார். அவரை விட்டுவிடச் சொல்ல முடியாதா?

பெரியக்கா: தாராளமாகச் சொல்லலாம் தம்பி. நான் தாதியாக வேலை செய்த காலத்திலும், எழுந்திருக்க முடியாத நோயாளியை ஒத்திகைக்காக அசைக்க மாட்டோம். அவருக்குப் பதிலாக ஊழியர் ஒருவர் படுத்துக்கொள்வார். பயிற்சி வேண்டியது அம்மாவை நகர்த்தப் போகிறவர்களுக்குத்தான்.

அண்ணன் (பாயான் லெப்பாஸ்): அம்மாவின் அறை மாடியில் இருக்கிறது. தீ பிடித்தால் லிப்டைப் பயன்படுத்தக் கூடாது. படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு பெண்கள் படிக்கட்டு வழியாக எப்படி இறக்குவார்கள்? அம்மாவைக் கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்வதே நல்லது என்று நினைக்கிறேன்.

பெரியக்கா: கீழே இடம் கிடைத்தால் கேட்போம். ஆனால் மாடியில் எப்போதும் யாராவது இருக்கத்தான் போகிறார்கள், அவர்களையும் நினைக்க வேண்டும். எடுத்த எடுப்பில் படிக்கட்டை நோக்கிப் போகத் தேவையில்லை. தீ இருக்கும் அறையில் உள்ளவரை வெளியேற்றி, அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு, மற்றவர்களை அதே தளத்திலேயே தீத்தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோவதுதான் முதல் வேலை. அந்தக் கதவு ஒழுங்காக மூடியிருந்தால் அரை மணி நேரமோ அதற்கு மேலோ தாங்கும்; அதற்குள் பொம்பா (தீயணைப்புப் படை) வந்துவிட்டால் படிக்கட்டில் இறக்குவதற்கு ஆள் பலம் கிடைத்துவிடும். நடக்க முடியாதவரைத் தூக்கவும் வேண்டாம். போர்வையோடு தரையில் மெல்ல இறக்கி, தலைப்பக்கம் பிடித்து இழுத்துச் செல்லலாம். கேட்பதற்கு எளிதாகத் தெரியும். கையால் செய்து பழகாதவர்களுக்கு, கட்டிலிலிருந்து தரைக்கு இறக்குவதிலேயே பொன்னான நேரம் போய்விடும்.

அண்ணி: அக்கா, அந்தத் தீத்தடுப்புக் கதவை நான் போன வாரம் பார்த்தேன். சாப்பாட்டு வண்டி போக வசதியாக, நாற்காலி ஒன்றை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

பெரியக்கா: கடிதத்தில் அதை முதல் வரியாக எழுத வேண்டும். ஸ்காட்லாந்தில் ரோஸ்பார்க் என்ற முதியோர் இல்லத்தில் 2004 ஜனவரி 31 விடியற்காலையில் ஓர் அலமாரியில் தொடங்கிய தீயில் 14 முதியவர்கள் இறந்தார்கள். பல அறைகளின் கதவுகள் திறந்திருந்ததால் புகை உள்ளே புகுந்தது. தீயணைப்புப் படையை அழைப்பதும் தாமதமானது. மணி அடித்தவுடன், தீ எங்கே என்று தேடிக்கொண்டிருக்காமல், ஒருவர் 999-ஐ அழைத்துவிட வேண்டும். அழைக்கப் போகிறவர் யார் என்பது ஒவ்வோர் இரவும் பணி தொடங்கும்போதே முடிவாகியிருக்க வேண்டும்.

அண்ணன்: நம் நாட்டிலேயே நடந்ததை மறக்க முடியாது. 2017 செப்டம்பர் 14 அன்று கோலாலம்பூர் டத்தோ கெராமாட்டில் சமயப் பள்ளி விடுதியில் 23 பேர் இறந்தார்கள். சன்னல்களில் இரும்புக் கம்பிகள் இருந்ததால் பிள்ளைகளால் தப்ப முடியவில்லை. அம்மாவின் இல்லமும் பழைய பங்களா வீடுதான், பின்வாசல் கிரில்லில் இரவில் பூட்டுப் போடுகிறார்கள். சாவி அலுவலக அறையில் தொங்குகிறது. அதைக் கதவுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லி எழுதுகிறேன்.

சித்தப்பா (நிபோங் திபால்): வெள்ளத்தையும் ஒரு வரி சேர்த்துக்கொள். 2017 நவம்பரில் பினாங்கு பட்ட பாடு உனக்குத் தெரியும். அப்போது கீழ்த்தளத்தில் இருப்பவர்களை மேலே ஏற்ற வேண்டியிருக்கும். அதையும் என்றாவது ஒரு நாள் பழகட்டும்.

அண்ணன்: சரிங்க சித்தப்பா, சேர்த்துவிடுகிறேன்.

அண்ணி: அம்மாவின் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பாட்டிக்குப் பிராணவாயு கொடுக்கிறார்கள். அதற்கு என்ன செய்வது?

பெரியக்கா: நல்ல கேள்வி. பிராணவாயு ஊறிய போர்வையும் துணியும் மிக வேகமாகப் பற்றிக்கொள்ளும். அவரை நகர்த்தும்போது யார் அதை நிறுத்துவது, அந்தப் பக்கம் போனதும் எதிலிருந்து மீண்டும் கொடுப்பது என்று அவர்கள் தாதி முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். எல்லாருடைய பெயரும் மருந்து விவரமும் அடங்கிய கோப்பு ஒன்று வாசலருகே இருப்பதும் அவசியம். வெளியே வந்த பிறகு அதை வைத்துத்தான் ஆள் சரிபார்க்க முடியும்.

தம்பி: அக்கா, சனிக்கிழமை நான் பேருந்தில் வந்துவிடுகிறேன். அம்மாவின் கட்டிலில் நான் படுத்துக்கொள்கிறேன்; அந்த இருவரும் என்னை இழுத்துப் பழகட்டும். நான் அம்மாவைவிடக் கனமானவன், என்னை நகர்த்த முடிந்தால் அவரையும் நகர்த்த முடியும். அந்த நேரத்தில் அம்மாவை யாராவது வெளியே அழைத்துப் போவீர்களா?

அண்ணி: நான் தள்ளுநாற்காலியில் தோட்டத்துக்குக் கூட்டிப்போகிறேன். மணி ஓய்ந்த பிறகுதான் உள்ளே அழைத்து வருவேன்.

பெரியக்கா: மகிழ்ச்சி தம்பி. இரவுப் பணியாளர்கள் மாலை ஏழு மணிக்கு வருகிறார்கள். ஒத்திகையை ஏழரைக்கு மாற்றி, பகல் ஊழியர்கள் கை கொடுக்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்க வேண்டும் என்று கேட்போம். அண்ணன் கடிதத்தை எழுதி முதலில் இங்கே போடட்டும். நான் படித்துவிட்டு நாளைக் காலை மேலாளரிடம் நேரில் கொடுக்கிறேன்.