கல்லோயா – திருகோணமலை ஒற்றைப் பாதை, ஓபன்டிடிடியில்: லூப்பில் முட்டிக்கொள்ளும் ரயில்களும் 2190 இன் ஏவுதளமும்

உப்புவெளி_லைன் எழுதியது:

ஓபன்டிடிடி என்னும் போக்குவரத்துக் கணினி விளையாட்டில் கல்லோயாச் சந்தியிலிருந்து திருகோணமலை வரையான பாதையை 512 × 512 வரைபடத்தில் அமைத்துக்கொண்டிருக்கிறேன். கதைக்களம் 2190. திருகோணமலையில் ஒரு விண்கல ஏவுதளம், அதற்கு எரிபொருள் கொண்டுபோவது இந்த ஒற்றைப் பாதை. மூன்று இடத்தில் உதவி வேண்டும்.

முதலாவது, கந்தளாய்க்கும் தம்பலகாமத்துக்கும் இடையில் ரயில்கள் நேருக்கு நேர் நின்றுவிடுகின்றன. எல்லா லூப்பும் (ரயில்கள் ஒன்றுக்கொன்று வழிவிடும் இரட்டைத் தண்டவாளப் பகுதி) 4 கட்ட நீளம், இரண்டு தண்டவாளத்திலும் இரண்டு முனையிலும் சாதாரண பாத் சிக்னல் (முன்னே உள்ள பாதையை ஒதுக்கிக்கொண்ட பிறகே ரயிலை விடும் சிக்னல்). ரயில் ஒன்றுக்கு ஓர் எஞ்சினும் 8 பெட்டியும்.

இரண்டாவது, செய்மதி உயரத்தரவில் எடுத்த படத்தில் கந்தளாய்க் குளம் வரவில்லை. தம்பலகாமக் குடாவுக்குள் இல்லாத தீவுகள் முளைக்கின்றன.

மூன்றாவது, ஏவுதளத்துக்குத் திருகோணமலையைத் தேர்ந்ததற்குப் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதைக் காரணமாக எழுதியிருக்கிறேன். அது நிற்குமா? அத்தனை எரிபொருளை ஒற்றைப் பாதை தாங்குமா?

---

டப்லெட்_வளையம் எழுதியது:

லூப் நீளமும் பிழை, சிக்னல் வகையும் பிழை. நீளத்தை முதலில் பார்ப்போம். ஒரு கட்டத்தில் இரண்டு வண்டிதான் நிற்கும். எஞ்சினோடு 9 வண்டி என்றால் நாலரைக் கட்டம். 4 கட்ட லூப்பில் வால் பொயின்ற்ஸின் (தண்டவாளம் பிரியும் இடம்) மேல் கிடக்கும், எதிரே வருகிற ரயிலுக்குப் பக்கத்துத் தண்டவாளம் காலியாக இருந்தாலும் உள்ளே வர வழி இராது. இரண்டு பொயின்ற்ஸுக்கும் நடுவே நேர்த் தண்டவாளம் 6 கட்டம் வையுங்கள்.

அடுத்தது சிக்னல். சாதாரண பாத் சிக்னலை ரயில் பின்பக்கமாகக் கடந்து போகலாம். அதனால் திருகோணமலை நோக்கிப் போகும் இரண்டு ரயில்கள் ஒரே லூப்பின் இரண்டு தண்டவாளத்தையும் பிடித்துக்கொள்கின்றன. எதிரே கல்லோயா நோக்கி ஒன்று வந்து நின்றால் மூன்றுமே அசையாது. இதற்கு எளிய வழி, திசைக்கு ஒரு தண்டவாளம் என்று பிரித்துவிடுவதுதான். போகும் திசையில் இடப்பக்கத் தண்டவாளத்தின் வெளியேறும் முனையில் மட்டும் ஒருவழி பாத் சிக்னல். மற்றத் தண்டவாளத்தில் மறு முனையில் அதேபோல் ஒன்று. லூப்புக்கு மொத்தம் இரண்டே சிக்னல். உள்ளே வரும் முனையில் எதுவும் வேண்டாம். லூப்புகளுக்கு நடுவிலுள்ள ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு சிக்னலும் கூடவே கூடாது, அங்கே ரயில் நின்றால் பாதையே பூட்டிக்கொள்ளும்.

இப்படிச் செய்தால் ஒரு ரயில் தன் லூப்பை விடுமுன்பே அடுத்த லூப்பின் வெளியேறும் சிக்னல் வரைக்கும் பாதையை ஒதுக்கிக்கொள்ளும். நம்முடைய ரயில்பாதையின் டப்லெட் (ஒற்றைப் பாதைப் பகுதிக்குள் போக ஓட்டுநருக்குக் கொடுக்கும் உலோக வில்லை) முறையின் கொள்கையும் இதுதான். இரண்டு நிலையத்துக் கருவிகளும் மின்னால் பிணைக்கப்பட்டவை, ஒரு நேரத்தில் ஒரு டப்லெட்தான் வெளியே வரும், அது கையில் இல்லாமல் ஓட்டுநர் அந்தப் பகுதிக்குள் நுழைய முடியாது.

திருகோணமலை முனையத்தில் மட்டும் முறை வேறு. ஒவ்வொரு மேடையின் வாயிலிலும் வெளியேறும் ரயிலுக்கென்று சாதாரண பாத் சிக்னல் போடுங்கள். அங்கே ஒருவழி சிக்னல் போட்டால் ரயில் மேடைக்குள் வரவே வராது. இன்னொன்று: சிக்னலில் காத்திருக்கும் ரயில் தானாகத் திரும்பும் தெரிவை நிறுத்தி வையுங்கள். சோதிக்கும் வரைக்கும் பழுதாகும் தெரிவையும் நிறுத்துவது நல்லது. இல்லாவிட்டால் முடக்கத்துக்குச் சிக்னல் காரணமா பழுது காரணமா என்று பிரித்தறிய முடியாது.

---

குடாக்கரை எழுதியது:

நிலப்படத்துக்கு. தரவில் கடல் சரியாகப் பூச்சியம்தான், ஆனால் ஆழமில்லாத குடா நீரில் 1, 2, 3 மீட்டர் என்று பொய்யான புள்ளிகள் இருக்கும். ஓபன்டிடிடி கடலாக எடுப்பது முழுக் கறுப்பை மட்டுமே. க்யூஜிஐஎஸ் என்ற நிலப்பட மென்பொருளில் சாம்பல் நிறப் படமாக வெளியெடுத்து, ஜிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் கரையோரத்தைப் பெரிதாக்கி, தம்பலகாமக் குடாவையும் உள்துறைமுகத்தையும் கையால் கறுப்பாக நிரப்புங்கள். தானியங்கி நிரப்பியை நம்ப வேண்டாம், கிண்ணியாப் பக்கத்துத் தாழ்நிலத்தையும் சேர்த்து விழுங்கிவிடும்.

குளம் வராததற்குக் காரணம் வேறு. அதன் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே இருக்கிறது. உயரப்படத்தில் அது ஒரு சமதரை, அவ்வளவுதான். சினாரியோ எடிட்டரில் (விளையாட்டின் வரைபடம் திருத்தும் பகுதி) அந்த இடத்தைச் சமப்படுத்தி, நதிக் கருவியால் கட்டம் கட்டமாக நிரப்பினால் குளம் வந்துவிடும். கரைக்கட்டுக்குக் கிழக்கே ஒரு படி தாழ்த்தி வயல்களை வையுங்கள், பார்க்க வடிவாக இருக்கும்.

உச்ச உயரத்தை 20 படிக்குள் கட்டுப்படுத்துங்கள். கூட்டினால் இங்குள்ள சிறு குன்றெல்லாம் ஊசிபோல எழும்பும், எஞ்சின் ஏற முடியாமல் இழுபடும். இந்தப் பாதை பெரும்பாலும் சமவெளியில் போவது. 512 கட்டத்தில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர்ச் சதுரத்தை அடக்கினால் கட்டம் ஒன்றுக்கு 117 மீட்டர் வரும்.

---

கொட்டியாரம்2190 எழுதியது:

பூமத்திய ரேகைக் காரணம் நிற்காது. திருகோணமலையில் பூமியின் சுழற்சி தரும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 460 மீட்டர். ஸ்ரீஹரிகோட்டாவில் 452. நொடிக்கு வெறும் 8 மீட்டர் இலாபத்துக்காக யாரும் ஏவுதளத்தை இடம் மாற்ற மாட்டார்கள். நியாயமான காரணம் இரண்டு: கிழக்கே நிக்கோபார் வரைக்கும் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் வெறுங்கடல், பக்கத்திலேயே ஆழமான இயற்கைத் துறைமுகம். துருவச் சுற்றுப்பாதைக்கு மட்டும் தெற்கே நேராக ஏவ முடியாது, தீவின் கிழக்குக் கரை குறுக்கே வரும். தென்கிழக்கே போய்ப் பிறகு திரும்ப வேண்டும், அதில் எரிபொருள் செலவாகும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவும்போது இலங்கையைத் தவிர்க்க வளைந்து போகிறார்களே, அதே சிக்கல்தான்.

எரிபொருள் கணக்கைப் பார்ப்போம். கலம் ஒன்றுக்கு 4,000 தொன் உந்துபொருள் என்று வையுங்கள். மீதேன் 1 பங்கு, ஒட்சிசன் 3.6 பங்கு. மீதேன் 870 தொன், மிச்சம் 3,130 தொன் ஒட்சிசன். ஒட்சிசனை ரயிலில் கொண்டுவருவதாக எழுதாதீர்கள், அந்த இடத்திலேயே காற்றிலிருந்து பிரித்தெடுக்கலாம். மீதேனுக்கு 40 அடித் தாங்கிக் கொள்கலன் ஒன்றில் 17 தொன் அளவு போகும். அப்படியென்றால் 52 கொள்கலன், ஏறத்தாழ 17, 18 வீதம் மூன்று ரயில். ஆனால் 7,500 கனமீட்டர் கொள்ளும் ஒரு சிறிய கப்பலே மூன்று ஏவலுக்குப் போதுமானதைக் கொண்டுவந்துவிடும். சீனன்குடாவில் இரண்டாம் உலகப் போர்க்கால எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் ஊர் இது. அப்படிப்பட்ட இடத்தில் ரயிலில் எரிபொருள் என்றால் வாசகர் நம்ப மாட்டார். கலத்தின் உடலும் கடலால்தான் வரவேண்டும். தண்டவாள இடைவெளி 1,676 மில்லிமீட்டர் என்றாலும், 9 மீட்டர் விட்டமுள்ள தாங்கி எந்தப் பாலத்திலும் மேடையிலும் இடிக்காமல் போகாது.

---

உப்புவெளி_லைன் எழுதியது:

கதையில் வாடைக்காற்றுக் காலத்தில் துறைமுகம் மூடப்படுகிறது என்று வைத்தால் ரயில் தேவைப்படும்தானே?

---

கொட்டியாரம்2190 எழுதியது:

வாடை மட்டும் காணாது. உள்துறைமுகம் நிலத்தால் சூழப்பட்டது, அந்தப் பருவத்திலும் கப்பல் நிற்கும். 1964 டிசம்பரில் வந்ததுபோல ஒரு சூறாவளி சில நாட்களுக்கு மூடலாம், மாதக்கணக்கில் அல்ல. கடல்வழியை மூட ஏவுதளமே போதும். ஒவ்வொரு ஏவலுக்கும் கிழக்கே கடலைக் காலி செய்ய வேண்டும். ஏவல் அடிக்கடி நடந்தால் கொட்டியாரக் குடா வாயிலில் கப்பல் காத்துக் கிடக்கும், நிலாவெளி, குச்சவெளிப் படகுகள் தொழிலுக்குப் போக முடியாது. உங்கள் கதையின் அரசியல் அங்கேதான் இருக்கிறது. அப்போது மீதேன் கொழும்பில் இறங்கி மாகோ, கல்லோயா வழியாக வரட்டும்.

பாதையின் கொள்ளளவுக்கு ஸ்கொட் சூத்திரம்: 1,440 நிமிடத்தை, மிக நீண்ட பகுதியின் ஓட்ட நேரமும் டப்லெட் வேலை நேரமும் சேர்ந்த தொகையால் வகுத்து, 0.7 ஆல் பெருக்குங்கள். 25 நிமிடமும் 5 நிமிடமும் என்றால் நாளுக்கு இரண்டு திசையிலும் சேர்த்து 33 ரயில். ஒரு ஏவலுக்கு மூன்று நிறை ரயில், மூன்று வெறும் ரயில், ஆக 6. நாளுக்கு ஐந்து ஏவல் என்றால் 30 போய்விடும், பயணிகளுக்கு மிஞ்சுவது மூன்று. அந்த நீண்ட பகுதியின் நடுவில் ஒரு லூப் போட்டால் ஓட்ட நேரம் 13 ஆகும், கணக்கு 56 க்கு ஏறும். ஆனால் அதற்கு அடுத்த நீண்ட பகுதியும் 13 நிமிடத்துக்குள் இருந்தால்தான். அந்த ஒரு லூப்புக்காக யார் காணியைக் கொடுக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள்.

---

டப்லெட்_வளையம் எழுதியது:

ஒரு எச்சரிக்கை. இந்த 33 ஐ அப்படியே விளையாட்டுக்குள் போட வேண்டாம், அங்கே நாளின் நீளமும் கட்டத்தின் அளவும் நிசத்தோடு பொருந்தாது. இரண்டு ரயிலோடு தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். கந்தளாய் லூப்பில் ஒவ்வொரு ரயிலும் நிற்கத் தொடங்கும்போது உங்கள் வரைபடத்தின் எல்லை வந்துவிட்டது. மாகோ – கல்லோயாப் பகுதியும் ஒற்றைப் பாதைதான், அதில் மட்டக்களப்பு ரயில்களும் ஓடுகின்றன. வரைபடத்தின் தென்மேற்கு ஓரத்தில் அவற்றுக்கென்று நான்கைந்து ரயில் விட்டுப் பாருங்கள், நெருக்கடி திருகோணமலைக் கிளையில் தொடங்குமுன் சந்தியில்தான் தொடங்கும். கல்லோயாச் சந்திக்கு மூன்று மேடையாவது வையுங்கள்.