சான்சிபாரில் ஐந்து நாள்: கிசிம்காசி டால்பின் படகுக்குப் போகலாமா?

பொன்னி:
ஜனவரியில் அம்மாவையும் (வயது 63) ஒன்பது வயது மகனையும் அழைத்துக்கொண்டு தான்சானியாவின் சான்சிபார் தீவுக்குப் போகிறேன். முகவர் கொடுத்த திட்டம் இது. முதல் நாள் தீவின் பழைய நகரமான ஸ்டோன் டவுனில் அரை நாள் நடை, மாலையில் கிழக்குக் கரையில் உள்ள பாஜேவுக்குப் போய்த் தங்கல். இரண்டாம் நாள் விடியற்காலையில் தெற்குக் கரை ஊரான கிசிம்காசியில் டால்பின்களோடு நீச்சல், திரும்பும் வழியில் ஜொசானி காடு. மூன்றாம் நாள் வாசனைப் பயிர்த் தோட்டமும் சிறைத்தீவும். மீதி இரண்டு நாள் கடற்கரை.

டால்பின் என்று கேட்டதிலிருந்து மகனுக்குத் தூக்கமில்லை. அலுவலகத்தில் ஒருவர், "அது பாவம், போகாதே" என்றார். இன்னொருவர், "அதற்குத்தானே அந்தத் தீவுக்கே போவது" என்றார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நீலக்கல்:
போகாதீர்கள். நான் 2022 ஆகஸ்டில் போனேன். விடிந்தும் விடியாமலும் கரையிலிருந்து கிளம்பினோம். அரை மணி நேரத்தில் ஒரு கூட்டம் தென்பட்டது. தாயும் குட்டியுமாக ஐந்தோ ஆறோ இருக்கும். எங்கள் படகு நெருங்கும் முன்பே பதினொரு படகுகள் அங்கே நின்றிருந்தன, ஒவ்வொன்றாக எண்ணினேன். டால்பின்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் எஞ்சின் உறுமியது. வழிகாட்டி "குதி, குதி" என்று கத்துகிறார், உயிர்காப்புச் சட்டை போட்டவர்கள் பொத் பொத்தென்று விழுகிறார்கள், டால்பின் அடியில் மூழ்கிவிடுகிறது. எல்லோரையும் மறுபடி ஏற்றிக்கொண்டு மறுபடியும் துரத்தல். நான் ஒரு முறைக்கு மேல் குதிக்கவில்லை.

படகுத் துரத்தலால் அங்குள்ள டால்பின்கள் ஓய்வெடுக்கும் நேரம் குறைகிறது என்று கடல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குட்டியோடு இருக்கும் விலங்கைத் தூங்க விடாமல் விரட்டுவதற்கு "நீச்சல்" என்று பெயர் வைத்தால் சரியாகிவிடுமா?

ஊர்சுற்றி மதுரை:
நாங்களும் போனோம். மூன்று படகுகள்தான் இருந்தன. என் மகள் இரண்டு கை தூரத்தில் ஒரு டால்பினைப் பார்த்துவிட்டு நாள் முழுவதும் அதையே பேசிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கூட்டத்தை வைத்து ஊரையே தீர்ப்பிடாதீர்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். இந்தியாவிலிருந்து விமானம் ஏறிப் புகையைக் கக்கிக்கொண்டு அங்கே இறங்குகிறோம். குளிரூட்டிய அறையில் தங்குகிறோம். அதெல்லாம் உறுத்தாத மனசாட்சி டால்பினைக் கண்டதும் மட்டும் விழித்துக்கொள்கிறதே, அது எப்படி?

நீலக்கல்:
ஒரு தவறு இருப்பதால் இன்னொரு தவறும் செய்யலாம் என்பது வாதமில்லை. உறுத்தினால் இரண்டையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பன்காரன்:
குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை கடல் தொழில். கப்பல் வேலையில் இருந்தபோது தான்சானியாவின் துறைமுக நகரமான தார் எஸ் சலாமில் நின்றிருக்கிறேன், கிசிம்காசிக்கும் போயிருக்கிறேன்.

நீலக்கல் அவர்கள் சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. அதே ஊரில் முன்பு டால்பினைக் கொன்றுகொண்டிருந்தார்கள். சுறா பிடிக்கும் தூண்டிலுக்கு இரை அது. தொண்ணூறுகளில் பயணிகள் வரத் தொடங்கிய பிறகுதான், செத்த டால்பினைவிட உயிருள்ள டால்பினுக்கு மதிப்பு அதிகம் என்று ஊர் கண்டது. வேட்டை நின்றது. அந்தக் கடலுக்கு மெனாய் விரிகுடா பாதுகாப்புப் பகுதி என்ற காவல் 1997இல் வந்தது. நாளைக்கு எல்லோரும் "பாவம்" என்று சொல்லிவிட்டு வராமல் போனால், அந்தப் படகுக்காரன் வீட்டில் அடுப்பு எதை வைத்து எரியும்? பழைய தூண்டிலைத் தேட மாட்டான் என்று யார் உறுதி தருவது?

துரத்துவது சரி என்று சொல்லவில்லை. போகிறவர்கள் கரையிலேயே பேரம் பேசுங்கள் என்கிறேன். தூரத்தில் எஞ்சினை நிறுத்த வேண்டும். கூட்டத்துக்குக் குறுக்கே போகக் கூடாது. யாரும் குதிக்க மாட்டோம், படகிலிருந்து பார்த்தாலே போதும். இப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்கிற படகோட்டி இருக்கிறான். எனக்குக் கிடைத்தவர் ஒரு முதியவர். எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா மிதந்தோம். கால் மணி நேரம் கழித்து அவையே பக்கத்தில் வந்து மூச்சு விட்டுப் போயின. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நீலக்கல்:
பாம்பன்காரன் ஐயா, உங்களுக்கு மொழி தெரியாவிட்டாலும் கடல் தெரியும். படகோட்டி உங்கள் பேச்சைக் கேட்டதில் வியப்பில்லை. விடுதி வண்டியில் வந்து இறங்கும் குடும்பத்துக்கு அந்தப் பேரம் நடக்காது. ஏற்கெனவே முகவரிடம் பணம் போயிருக்கும். படகோட்டிக்குக் கிடைப்பது அதில் ஒரு துண்டு. டால்பின் காட்டவில்லை என்றால் புகார் வரும் என்ற பயத்தில்தான் அவர் துரத்துகிறார். வேட்டை நின்றது நல்லது, மறுக்கவில்லை. கொல்வதை நிறுத்திவிட்டோம் என்பது விரட்டுவதற்கு அனுமதிச் சீட்டா?

பாம்பன்காரன்:
இல்லை. ஆனால் விரட்டுவதை நிறுத்த வேண்டியது அங்கே சட்டமும் ஊரும். இங்கே உட்கார்ந்து நாம் அவர்கள் பிழைப்பை ரத்து செய்ய முடியாது.

கணக்குப்பிள்ளை:
எனக்கு டால்பினைவிடப் பணம்தான் கண்ணில் படுகிறது. தான்சானியா விசா 50 டாலர். 2024 அக்டோபரிலிருந்து சான்சிபாருக்குள் நுழையும் வெளிநாட்டவர் அங்கேயே 44 டாலர் கொடுத்துக் காப்பீடு வாங்கியாக வேண்டும். கையில் வேறு காப்பீடு இருந்தாலும் விட மாட்டார்கள். கரையில் கால் வைக்கும் முன்பே ஓர் ஆளுக்கு இவ்வளவு. இதற்கு மேல் மிளகுக் கொடியைக் காட்டுவதற்கு ஒரு சுற்றுலா! கொல்லிமலைக்குப் போனால் பஸ் டிக்கெட் செலவோடு முடியும். கிராம்பு பார்க்க வேண்டுமா, கன்னியாகுமரி மலையில் இருக்கிறது, புவிசார் குறியீடுகூட வாங்கியிருக்கிறது. வெள்ளை மணலுக்கு அந்தமான் போதாதா?

ஊர்சுற்றி மதுரை:
அந்தமானில் சுல்தான் அரண்மனை இருக்கிறதா ஐயா?

கணக்குப்பிள்ளை:
சான்சிபாரிலும் பாதிதான் இருக்கிறது. "அதிசய மாளிகை" என்று எல்லாப் படத்திலும் வருமே, 1883இல் சுல்தான் பர்காஷ் கட்டியது, அதன் ஒரு பக்கம் 2020 டிசம்பர் 25 அன்று இடிந்து விழுந்துவிட்டது.

தார்வாசி:
தார் எஸ் சலாமில் எட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். கப்பலில் இரண்டு மணி நேரம்தான் என்பதால் ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு விருந்தினரையும் அங்கே கூட்டிப்போகும் வேலை என் தலையில். டால்பின் சண்டையில் எல்லோரும் பெரிய விஷயத்தை விட்டுவிட்டீர்கள். பொன்னி, உங்கள் திட்டத்தின் உண்மையான சிக்கல் பாஜே.

நம் சென்னைக் கடலில் ஏற்றத்துக்கும் (நீர் ஏறி நிற்பது) வற்றத்துக்கும் (நீர் வடிந்து நிற்பது) வித்தியாசம் பெரிய ஓதத்திலேயே ஒரு மீட்டர் அளவுதான். அதனால் கடல் "போய்விடும்" என்பது நமக்குத் தோன்றவே தோன்றாது. சான்சிபாரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நாலு மீட்டருக்குப் பக்கமாக ஏறி இறங்கும். கிழக்குக் கரையில் பவளத் திட்டுக்கு உட்பட்ட கடல் தட்டையாக, ஆழமின்றி இருப்பதால், வற்றத்தின்போது தண்ணீர் பல நூறு மீட்டர் பின்வாங்கிவிடும். என் மாமனார் பௌர்ணமிக்கு மறுநாள் காலை பத்து மணிக்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பாஜே கரைக்கு வந்தார். எதிரே வெறும் மணல், குட்டை, பாசி. "கடல் எங்கே மாப்பிள்ளை?" என்று கேட்டார். முகவர்கள் தரும் படமெல்லாம் ஏற்றத்தில் எடுத்தது.

நாள் முழுக்க நீந்த வேண்டுமென்றால் வடக்கு முனையில் நுங்வி அல்லது கெண்ட்வா. அங்கே வற்றத்திலும் தண்ணீர் இருக்கும். ஆனால் கூட்டமும் இருக்கும், இரவில் பாட்டும் இருக்கும். கரையில் "பபாசி" என்று பெயர் பெற்ற இளைஞர்கள் படகு, கைவளை, சுற்றுலா என்று எதையாவது விற்கப் பின்தொடர்வார்கள். சுவாஹிலியில் அந்தச் சொல்லுக்கு உண்ணி என்று பொருள். புன்னகையோடு "ஹபானா, அசந்தே" (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தால் போதும்.

பாம்பன்காரன்:
கடல் வற்றினால் பாஜேயில் ஒன்றுமில்லை என்பதை ஒப்ப மாட்டேன். அப்போதுதான் அங்கே வேலை தொடங்குகிறது. பாஜேயிலும் ஜம்பியானியிலும் பெண்கள் வற்றிய கடலுக்குள் நடந்துபோய், குச்சி நட்டு, கயிறு கட்டிப் பாசி வளர்க்கிறார்கள். அவர்கள் மொழியில் அதற்கு "ம்வானி" என்று பெயர். எங்கள் மண்டபம் பக்கத்துப் பெண்களும் கயிற்றிலும் மூங்கில் மிதவையிலும் இதே வேலையைச் செய்கிறார்கள். நீர் சூடேறி விலை அதிகமுள்ள ரகம் அழிந்துபோகிறது என்ற புலம்பல்கூட இரண்டு கரையிலும் ஒன்றுதான். பொன்னியின் அம்மாவுக்கு முழங்கால் நீரில் நடக்க முடியுமானால், ஊர்ப் பெண் ஒருவரை வழிகாட்டியாகக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். செருப்போடு போக வேண்டும், கடல் முள்ளெலி குத்தினால் பயணமே கெட்டுவிடும். கேட்காமல் படம் எடுக்கவும் கூடாது. அவர்கள் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள், காட்சிப்பொருள் இல்லை.

தார்வாசி:
ஒப்புக்கொள்கிறேன். இரண்டு இரவு பாஜே, இரண்டு இரவு நுங்வி என்று பிரித்துவிடலாம். இரண்டுக்கும் நடுவே வண்டியில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்.

ஆனால் ஸ்டோன் டவுனுக்கு அரை நாள் என்பதை மன்னிக்க மாட்டேன். அடிமைச் சந்தை இருந்த இடத்துக்கே அரை நாள் வேண்டும். சந்தை 1873இல் மூடப்பட்டது. அந்த இடத்தில்தான் ஆங்கிலிக்கன் பேராலயம் நிற்கிறது. சாட்டைக் கம்பம் இருந்த இடத்தில் பலிபீடம். வெளியே குழிக்குள் கழுத்துச் சங்கிலியோடு ஐந்து அடிமைகளின் சிலைகள். அந்தச் சிலைகளின் முன் பேசிக்கொண்டே வந்த எவரும் பேச்சைத் தொடர்ந்து நான் பார்த்ததில்லை. பிறகு சந்துகளில் நடக்க வேண்டும். பித்தளைக் குமிழ் பதித்த கதவுகள், குஜராத்தி வணிகர்களின் பழைய வீடுகள். 1935 வரை அந்தத் தீவில் நாணயத்தின் பெயரே ரூபாய். மாலையில் ஃபொரொதானி பூங்காவில் "உரோஜோ" கேளுங்கள்: புளிப்பான மஞ்சள் குழம்பில் பஜ்ஜியும் உருளைக்கிழங்கும் மிதக்கும். அம்மா சைவமென்றால் இறைச்சி போடாமல் தரச் சொல்லுங்கள். ஊருக்குள் தோளும் முழங்காலும் மூடிய உடை. அது முஸ்லிம் ஊர், நீச்சல் உடையில் சந்தைக்குள் நடக்கும் பயணிகளைப் பார்த்து எனக்கே கூசும்.

ஊர்சுற்றி மதுரை:
ஒன்பது வயதுப் பையனை அடிமைச் சந்தைக்கா கூட்டிப்போகச் சொல்கிறீர்கள்? விடுமுறைக்குப் போகிறார்களா, வரலாற்றுத் தேர்வுக்கா?

தார்வாசி:
அங்கே இருக்கும் நிலவறைக்குள் அவனை இறக்காதீர்கள். சிலைகளைப் பார்க்கட்டும், கேட்டால் பதில் சொல்லுங்கள். அவனுக்குச் சிறைத்தீவு பிடிக்கும். சிறை என்று 1893இல் கட்டினார்கள், கைதிகளை வைக்கவே இல்லை. நோய்த் தடுப்பு முகாம் ஆனது. 1919இல் செஷல்ஸிலிருந்து அன்பளிப்பாக வந்த ராட்சத ஆமைகளின் வம்சம் இன்னும் அங்கே கீரை தின்றுகொண்டிருக்கிறது. படகோட்டி நட்சத்திர மீனைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தால் மட்டும் வாங்க வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவையுங்கள். வெளியே எடுத்தால் அது செத்துவிடக்கூடும்.

நீலக்கல்:
பையனுக்கு விலங்குதான் வேண்டுமென்றால் ஜொசானியே போதும். சிவப்புக் கொலபஸ் குரங்கு, உலகில் இந்தத் தீவுக் கூட்டத்தில் மட்டும் இருப்பது, தலைக்கு மேலே வந்து உட்கார்ந்திருக்கும். யாரும் அதைத் துரத்துவதில்லை. நீங்கள் நின்றால் அது வரும். பாம்பன்காரன் ஐயா டால்பினுக்குச் சொன்ன அதே முறை.

பாம்பன்காரன்:
அப்படியானால் என் முறையை ஏற்றுக்கொண்டீர்கள்.

நீலக்கல்:
குரங்குக்கு மட்டும்.

கணக்குப்பிள்ளை:
மிளகுத் தோட்டத்துக்கு யாருமே பரிந்து பேசவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

பொன்னி:
எல்லோருக்கும் நன்றி. வாசனைத் தோட்டத்தை எடுத்துவிட்டேன், கணக்குப்பிள்ளை ஐயா வென்றார். ஸ்டோன் டவுனில் ஓர் இரவு, பாஜேயில் ஓர் இரவு, நுங்வியில் இரண்டு இரவு என்று மாற்றச் சொல்லியிருக்கிறேன். முகவருக்கு முகம் சுருங்கிவிட்டது. பாசி வளர்க்கும் பெண்களைப் பார்க்க வேண்டும் என்று அம்மா கேட்டார், எனக்கே ஆச்சரியம்.

டால்பின் விஷயத்தை மகனிடமே சொன்னேன், குட்டியை விரட்டுவார்களாம் என்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எஞ்சின் போடாத தாத்தா படகு மட்டும் இருந்தால் போகலாம்" என்றான். பாம்பன்காரன் ஐயா, அவரை எங்கே தேடுவது?

பாம்பன்காரன்:
பெயர் கேட்காமல் வந்துவிட்டேன் தங்கச்சி, அது என் தவறு. முகவரிடம் பணம் கட்டாமல் முந்தைய நாள் மாலையே கிசிம்காசிக் கரைக்குப் போய் நீங்களே பேசுங்கள். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

நீலக்கல்:
அந்தக் கடைசி வரியை மட்டும் நான் முழுமையாக ஆதரிக்கிறேன்.

தார்வாசி:
பொன்னி, பாஜே இரவை முடிவு செய்யும் முன் காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று ஒரு முறை பாருங்கள்.