லோங்காங்கை ஓடையாக்கிப் பூங்காவைத் திருத்தும்போது: களத்தில் கண்டவை

செத்தாப்பாக், வடிகால் பொறியாளர்

பூங்காவுக்குள் ஓடும் கான்கிரீட் லோங்காங்கை (வடிகாலை) உடைத்து ஓடையாக்கலாம் என்று பேச்சு எழுந்ததும் எல்லாரும் வரைபடத்தைத்தான் கேட்கிறார்கள். அது பிறகு. முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று நாள் மழை விட்ட நேரமாகப் பார்த்து, பூங்காவின் மேல்முனையிலிருந்து நடந்து, குழாயும் வாய்க்காலும் வந்து விழும் ஒவ்வோர் இடத்தையும் குறிக்க வேண்டும். காலை 7 மணிக்கு ஒருமுறை, நடுப்பகலில் ஒருமுறை, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை. மழையே இல்லாமல் தண்ணீர் ஓடினால் அது சமையலறைத் தண்ணீர், துணி துவைத்த தண்ணீர், இல்லாவிட்டால் சாப்பாட்டுக் கடைக் கழிவு. பழைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள் பலவற்றில் கழிப்பறைக் கழிவுக்கு மட்டுமே தனிக் குழாய். மற்றதெல்லாம் லோங்காங்குக்குத்தான்.

குழாய் வாயில் 10 லிட்டர் வாளியைப் பிடித்து விநாடி எண்ணுங்கள். 20 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு அரை லிட்டர். நாள் முழுக்க அப்படியே ஓடினால் 43,000 லிட்டர். குழாய்க்குக் கீழே சாம்பல் நிறத்தில் பஞ்சு நூல் மாதிரி ஏதாவது ஆடிக்கொண்டிருந்தால் அதைப் பாசி என்று நினைத்துவிடாதீர்கள். கழிவைத் தின்று வளரும் பாக்டீரியாத் திரள் அது. அது தழைத்திருக்கும் இடத்தில் நீரில் பிராணவாயு தங்காது, மீனும் தங்காது. வெள்ளைக் கட்டியாக எண்ணெய் ஒட்டியிருந்தால் மேலே ஏதோ ஒரு கடையில் கழிவிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி இல்லை, அல்லது இருந்தும் யாரும் அள்ளுவதில்லை. மீன் வளர்ப்புக் கடையில் விற்கும் அம்மோனியா சோதனைப் புட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உடல் படும்படி பொழுதுபோக்குக்குப் பயன்படும் ஆற்றுக்கு, அதாவது மலேசிய நீர்த்தர அளவுகோலில் IIபி வகுப்புக்கு, லிட்டருக்கு 0.3 மில்லிகிராம்தான் வரம்பு. 3, 4 என்று காட்டினால் பெரும்பாலும் மலக்கழிவு எங்கோ கலக்கிறது. அதை அடைக்காமல் கரையில் நடும் ஒவ்வொரு செடியும் வீண் செலவு.

கோலாலம்பூரில் 110 கிலோமீட்டர் ஆற்றைத் தொட்ட ‘ரிவர் ஆஃப் லைஃப்’ ஆற்றுச் சீரமைப்புத் திட்டத்திலும் கழிவுநீர் நிலையங்கள், சந்தைக் கழிவுச் சுத்திகரிப்பு ஆகியவை பெரிய அங்கம். மஸ்ஜிட் ஜாமேக் பக்கம் தெரியும் விளக்கும் நீரூற்றும் அதன் ஒரு பகுதி மட்டுமே.

பிரிக்பீல்ட்ஸ், நீரியல் கணக்கு பார்ப்பவர்

கான்கிரீட்டை எடுப்பதில் எங்கே அடி விழும் என்றால் கொள்ளளவில்தான். கான்கிரீட்டின் உராய்வு எண் ஏறக்குறைய 0.015. புல்லும் கல்லும் செடியும் உள்ள கரைக்கு 0.045 என்று வையுங்கள். அதே சரிவில், அதே குறுக்களவில், மூன்றில் ஒரு பங்குத் தண்ணீர்தான் போகும். பழைய அளவு போக வேண்டுமானால் குறுக்குப் பரப்பு சுமார் 2.3 மடங்கு ஆக வேண்டும். 4 சதுர மீட்டர் இருந்த இடத்தில் 9 வேண்டும். அந்த இடத்தை எங்கே எடுப்பது என்பதுதான் பூங்கா வடிவமைப்பின் உண்மையான கேள்வி.

எனக்குப் பிடித்த விடை பந்துத் திடல். ஒரு ஹெக்டர் திடலை அரை மீட்டர் தாழ்த்தினால் 5,000 கன மீட்டர் வெள்ளம் தங்கும். திடலுக்கு அடியில் துளைக்குழாய் போட்டு, சரிவு சரியாகக் கொடுக்காவிட்டால் பந்து விளையாடுகிறவர்கள் வாரக்கணக்கில் சேற்றில் நிற்பார்கள். பிறகு யாரும் நம் பேச்சைக் கேட்க மாட்டார்கள். ஓடையையே இரண்டு தட்டாகச் செய்யலாம்: அன்றாடத் தண்ணீருக்கு நடுவில் குறுகலான தடம், மழை வெள்ளத்துக்கு இருபுறமும் அகன்ற புல்தட்டு. சலசலப்பும் (ஆழம் குறைந்து வேகமாக ஓடும் இடம்) மடுவும் (ஆழமான இடம்) மாறி மாறி வரும் இடைவெளி, ஓடை அகலத்தைப்போல் 5 முதல் 7 மடங்கு.

ஜேபிஎஸ் (வடிகால், நீர்ப்பாசன இலாகா) வழிகாட்டியில் ஆற்றொதுக்கு நிலம், அதாவது ஆற்றோரம் காலியாக விட வேண்டிய நிலம், எவ்வளவு என்றும் முதலிலேயே பாருங்கள். 5 மீட்டருக்குக் குறைந்த ஓடைக்கு இரு கரையிலும் 5 மீட்டர், 5 முதல் 10 வரை என்றால் 10 மீட்டர், 10 முதல் 20 வரை என்றால் 20 மீட்டர். வேலியும் கார் நிறுத்துமிடமும் அதற்குள் வந்து உட்கார்ந்திருப்பதை அளந்த பிறகுதான் காண்பீர்கள்.

சிங்கப்பூர் பீஷான்–அங் மோ கியோ பூங்காவை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். 2012இல் திறந்த அதன் படங்களைப் பார்த்து மயங்குவதை விட, வேலை தொடங்கும் முன் 60 மீட்டர் நீளத்தில் பத்து வகைக் கரை முறைகளைச் சோதித்துப் பார்த்தார்களே, அதைப் பாருங்கள். நம் திட்டங்களில் ஒரு 20 மீட்டர் சோதனைக் கரைக்குக்கூட யாரும் பணம் ஒதுக்குவதில்லை. தண்ணீர் ஏறும்போது எச்சரிக்கும் ஒலியும் விளக்கும் அங்கே இருக்கின்றன. கோலாலம்பூர் மதிய மழையில் ஓடை நிமிடக் கணக்கில் ஏறும். இங்கேயும் அது கட்டாயம்.

ஜார்ஜ் டவுன், நிலவடிவமைப்பாளர்

கரைக்குத் தென்னை நார் உருளை நல்லது. 300 மி.மீ. குறுக்களவு, பாக்காவ் (சதுப்புநில மர) கம்பு 1.2 மீட்டர், 600 மி.மீ.க்கு ஒன்றாக இருபுறமும் அடிக்க வேண்டும். அழிவு தொடங்குவது எப்போதும் உருளையின் முனையில். முனையைக் கரைக்குள் 1 மீட்டராவது வளைத்துப் புதைக்காவிட்டால் முதல் பெருமழையில் தண்ணீர் அதன் பின்பக்கம் நுழையும். முன்னால் இருந்து பார்த்தால் உருளை அப்படியே இருக்கும். பின்னால் மண் போயிருக்கும். கையை விட்டுத் துழாவினால் முழங்கை வரை போகும். கரையின் அடியில் 300 முதல் 500 மி.மீ. கல் போட்டால் தாங்கும்.

அதற்கு மேலே வெட்டிவேர், 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக, சரிவுக்குக் குறுக்கே வரிசையாக. இடைவெளி 30 ஆனால் அது வேலியாகாது, தனித்தனிப் புதராகத்தான் நிற்கும். நீரோரத்துக்குப் புத்தாட், அதற்கு மேலே காப்பிஸ், நேராம் போன்ற நம் ஆற்றங்கரை மரங்கள். நிழல் விழுந்தால் தண்ணீர் குளிரும், களையும் குறையும்.

மழைநீர்த் தோட்டத்தில், அதாவது மழைநீரை மண்ணில் இறக்கும் செடிப் பள்ளத்தில், எம்எஸ்எம்ஏ எனும் ஜேபிஎஸ் மழைநீர் மேலாண்மைக் கையேடு சொல்லும் மண் கலவையை யாரும் கண்டுகொள்வதில்லை: மணல் பாதிக்கு மேல், மேல்மண் கால் பங்குக்குள், மீதி இலை மக்கு. குத்தகையாளர் பக்கத்தில் கிடைக்கும் செம்மண்ணைக் கொட்டிவிடுவார். தண்ணீர் இறங்காது, செடி அழுகும், கொசு என்று புகார் வரும். ஒப்படைக்கும் முன் நீர் நிரப்பி, மணிக்கு எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று அளந்து கையெழுத்து வாங்குங்கள். இன்னொன்று: மேலே கட்டுமானச் சேறு ஓயும்வரை தோட்டத்தின் நுழைவாயை மூடியே வைத்திருங்கள். ஒரே வாரத்துச் சேறு ஒரு வருட வேலையை அடைத்துவிடும்.

செந்தூல், குடியிருப்பாளர் சங்கப் பணியில் இருப்பவர்

மக்கள் கருத்து என்று மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டுக் கையெழுத்து வாங்கினால் வருவது ஓய்வுபெற்ற ஆண்கள் மட்டும்தான். 1:500 அளவு வரைபடத்தைப் பூங்காவிலேயே, நடைபாதை ஓரத்தில் மேசையில் விரியுங்கள். காலை 6.30க்கு நடப்பவர்கள், மாலை 5.30க்குப் பிள்ளைகளோடு வருபவர்கள், பாசார் மாலாம் (இரவுச் சந்தை) அன்று வருபவர்கள், மூவரும் வேறு வேறு மனிதர்கள். பிபிஆர் (அரசு மலிவு வீடமைப்பு) அடுக்குமாடியின் லிஃப்ட் வாசலில் தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் அறிவிப்பு வேண்டும். வருபவர்களை வரைபடத்தில் ஒட்டுத்தாள் ஒட்டச் சொல்லுங்கள்: பச்சை, பிடித்த இடத்துக்கு; சிவப்பு, பயமான இடத்துக்கு. பெண்கள் வைக்கும் சிவப்பைத் தனியாக எண்ணுங்கள். விளக்கு எங்கே வேண்டும், எந்தப் புதரை 70 சென்டிமீட்டருக்குமேல் வளரவிடக்கூடாது என்று அதுதான் சொல்லும்.

‘ஓடை வந்தால் டெங்கி வருமா’ என்று கேட்காத கூட்டமே கிடையாது. ஏடிஸ் ஓடும் தண்ணீரில் வளராது. தேங்கிய சிறு தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் போல ஆகும், அதனால் பள்ளங்கள் இரண்டு நாளுக்குள் வடியும்படி இருந்தால் போதும் என்று அளவோடு சொல்லுங்கள், ஒப்புக்கொள்வார்கள். மழுப்பினால் திட்டமே நின்றுவிடும்.

நம்மவர்கள் கேட்பது ஒன்று வரைபடத்தில் வருவதே இல்லை: கருமக்கிரியைக்கும், காவடிக்கு முன் நீராடவும் தண்ணீருக்கு இறங்கும் படி. பத்துமலையில் சுங்கை பத்துவுக்குத் தைப்பூசத்தன்று எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று தெரியும்தானே. ஏற்றம் 150 மி.மீ., மிதி 300 மி.மீ.க்குக் குறையாமல், வழுக்காத கல், கைப்பிடி, மாலைக்கும் துணிக்கும் தனித்தனித் தொட்டி. கழிவுக் குழாய் விழும் இடத்துக்குக் கீழே அந்தப் படியை வைக்காதீர்கள். படி இல்லாவிட்டாலும் மக்கள் இறங்கத்தான் செய்வார்கள், கரை சரிந்த இடத்தில்.

கோலாலம்பூரின் தாமான் ரிம்பா கியாரா பூங்காவையும் நினைவில் வையுங்கள். அங்கே அடுக்குமாடிக்கான அனுமதியை ரத்து செய்த தீர்ப்பை 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் உறுதி செய்தது. அப்போது அதே இடத்தில்தான் பழைய புக்கிட் கியாரா தோட்டக் குடும்பங்களின் ரூமா பாஞ்சாங்கும் (நீள வரிசை வீடுகளும்) இருந்தது. பூங்காவைக் காப்பது பற்றிய எந்தக் கலந்துரையாடலிலும் அந்தக் குடும்பங்களின் வீட்டுப் பிரச்சினைக்கும் இடம் இருக்க வேண்டும்.

கூட்டம் முடிந்து இரண்டு வாரத்துக்குள் ஒரு தாள் ஒட்டுங்கள்: எது ஏற்கப்பட்டது, எது இல்லை, ஏன். இதைச் செய்யாத இடத்தில் அடுத்த கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை.

பட்டர்வொர்த், ஆறு பராமரிப்புப் பணியாளர்

பினாங்குக்காரர்களுக்கு ஒரு சொல். சுங்கை பினாங்கின் கீழ்ப்பகுதி கடலேற்றத்துக்கு ஏறி இறங்கும். மேலே எழுதிய வெட்டிவேரும் நார் உருளையும் ஆயர் ஈத்தாம் பக்கத்து மேலோடைக்குப் பொருந்தும். உப்பு ஏறும் இடத்துக்குச் சதுப்புநிலச் செடிதான். கடலேற்ற அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, உச்ச ஏற்றமும் கனமழையும் சேரும் நாளுக்குக் கணக்கிடுங்கள். புல் வாய்க்காலை நேரில் பார்க்க வேண்டுமானால் நிபோங் திபாலில் யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகத்துக்குப் போகலாம். அங்கே கான்கிரீட்டுக்குப் பதில் புல் வாய்க்காலும் அதன் அடியில் நீர்த்தடமும்தான் மழையை வடிக்கின்றன.

பராமரிப்புக் குத்தகையில் ‘புல் வெட்டு’ என்று மட்டும் எழுதினால் கரைச் செடியையும் சேர்த்துத் தரையோடு வெட்டிவிடுவார்கள். நீரோரத்திலிருந்து 2 மீட்டருக்கு இயந்திரம் வரக்கூடாது என்று எழுதி, அந்தக் கோட்டில் கம்பும் நட்டு வையுங்கள். குப்பைப் பொறியை (மிதந்து வரும் குப்பையைப் பிடிக்கும் தடுப்பை) மாதத்துக்கு ஒருமுறை என்று போடாமல், கனமழை பெய்த மறுநாள் அள்ள வேண்டும் என்று போடுங்கள். லாரி பின்னோக்கி வந்து நிற்க 3.5 மீட்டர் அகலப் பாதையும் அந்தப் பொறிவரை வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.