முக்கோண வணிகம்: மூன்று பக்கமும் போனது ஒரே கப்பலா?

கேள்வி:
மகளின் பாடப்புத்தகத்தில் மூன்று அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவிலிருந்து துணியும் துப்பாக்கியும் ஆப்பிரிக்காவுக்கு, அங்கிருந்து அடிமைகள் அமெரிக்கக் கரைக்கு, பிறகு சர்க்கரை ஐரோப்பாவுக்கு. "ஆட்களை அடைத்த இடத்திலேயே சர்க்கரையையும் ஏற்றினார்களா அப்பா?" என்று கேட்டுவிட்டாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
நல்ல கேள்வி. முதல் இரண்டு அம்பும் ஒரே கப்பல்தான். மூன்றாவதில்தான் பாடப்புத்தகம் கொஞ்சம் ஏமாற்றுகிறது. லிவர்பூல் கப்பல் ஜமைக்காவில் ஆட்களை விற்றதும், விலை முழுவதும் சர்க்கரையாக வந்துவிடாது. பெரும்பகுதி இங்கிலாந்து வணிகர்கள் மீது எழுதிய உண்டியல், அதாவது அவர்கள் பணம் தர வேண்டும் என்ற சீட்டு, அதுவும் தவணை வைத்து. கையில் காகிதம், கப்பலில் கொஞ்சம் சரக்கு, சில சமயம் வெறும் அடிப்பாரம் (கப்பல் சாயாமல் இருக்க அடியில் போடும் எடை). சர்க்கரையில் பெரும்பங்கு அதற்கென்றே வந்துபோன வேறு கப்பல்களில் போனது. ஆனாலும் சில கப்பல்களில் உங்கள் மகள் கேட்டதுதான் நடந்தது.

அந்த இடம் எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'புரூக்ஸ்' என்ற லிவர்பூல் கப்பலின் வரைபடம் 1788இல் வெளியானது. ஓர் ஆணுக்கு ஆறடி நீளம், ஓரடி நான்கு அங்குல அகலம். சட்டம் அனுமதித்தது 454 பேர். அதற்கு முன்பு ஒரு பயணத்தில் 609 பேரை ஏற்றியிருக்கிறார்கள்.

பதில் 2:
முதல் அம்பும் முழுக்க ஐரோப்பியச் சரக்கு இல்லை. மாலத்தீவுச் சோழிகள் ஐரோப்பா வரை அடிப்பாரமாகப் போய், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவில் பணமாக இறங்கின. மேற்கு ஆப்பிரிக்காவின் வைதா துறைமுகத்தில் 40 சோழி ஒரு சரம். சோழமண்டலக் கரையில் நெய்து அவுரிச் சாயம் ஏற்றிய துணியும் அந்தச் சரக்கில் உண்டு. இது எந்தப் பாடத்திலும் வராது, எரிச்சலாக இருக்கிறது.

பதில் 3:
பிரேசிலுக்கு முக்கோணமே பொருந்தாது. அங்குள்ள பாஹியா பகுதியிலிருந்து வெல்லப்பாகு தடவிய மட்டரகப் புகையிலை நேராக ஆப்பிரிக்கா போகும், ஆட்கள் நேராகத் திரும்ப வருவார்கள். ஆப்பிரிக்காவில் ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடி, உயிரோடு இறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி. அதில் 48 லட்சம் பேர் போல பிரேசிலில்தான் இறங்கினார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நாளைக்குப் படம் வரைந்து கொண்டுபோக வேண்டுமாம். அம்பை என்ன செய்வது?

பதில் 1:
மூன்றாவதை இரண்டாகப் போடச் சொல்லுங்கள். சர்க்கரைக் கப்பலுக்குத் தடித்த கோடு. உண்டியலோடு திரும்பிய கப்பலுக்குப் புள்ளிக்கோடு. அப்புறம் பிரேசிலுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே இருபுறமும் முனை வைத்த அம்பு ஒன்று.