பைக்குள் கிடந்த போன் ஏன் சூடானது?

நான் வேலை பார்க்கும் கட்டடத்தின் தரைத்தளத்தில் வருகிறவர்களுக்கென்று ஓர் இலவச வைஃபை உண்டு. சேர்ந்த புதிதில் ஒருநாள் அதில் இணைந்திருக்கிறேன். என் இருக்கையோ மூன்றாம் மாடியில். பல மாதங்களாகவே மதியத்துக்குள் பேட்டரி பாதியாகிவிடும்; பைக்குள் சும்மா கிடக்கும் போன் வெதுவெதுப்பாக இருக்கும். பழசாகிவிட்டது, மாற்ற வேண்டியதுதான் என்று நினைத்திருந்தேன். சென்ற வாரம் திரையை வெறித்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். வைஃபை குறி ஒற்றைக் கோட்டுடன் தோன்றுகிறது, பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி முளைக்கிறது, மறைகிறது, மொபைல் டேட்டா வருகிறது, மறுபடியும் அதே ஒற்றைக் கோடு. ஐந்து நிமிடத்தில் ஏழு முறை எண்ணினேன். மூன்றாம் மாடிக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும் அந்தத் தரைத்தள வைஃபையைப் பிடிப்பதும் விடுவதுமாகவே போன் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் ‘தானாக இணை’ என்பதை அணைத்தேன். அன்று வீடு திரும்பும்போது 41 சதவீதம் மிச்சம். வேறு யாருக்காவது இப்படி நேர்ந்ததுண்டா?

*

நேர்ந்தது. ஆனால் நான் எடுத்த முடிவு முட்டாள்தனமானது. வைஃபைதான் எதிரி என்று நாள் முழுக்க அணைத்தே வைத்தேன். என் அறையில் மொபைல் சிக்னல் மந்தம். எட்டாத கோபுரத்தை எட்டிப் பிடிக்கப் போன் கூடுதல் சக்தியைச் செலவழிக்கும் என்பது அப்போது உறைக்கவில்லை. சார்ஜ் முன்பைவிட வேகமாக இறங்கியது. ரூட்டர் பக்கத்திலேயே இருக்கும்போது வைஃபைதான் சிக்கனம்.

ஆண்ட்ராய்டில் வைஃபையை அணைத்தாலும் இருப்பிட அமைப்புகளுக்குள் ‘வைஃபை ஸ்கேனிங்’ என்று ஒன்று விழித்திருக்கும். இடத்தைக் கணிக்க அது அக்கம்பக்கத்து நெட்வொர்க்குகளைத் தேடும். பலர் இதைத்தான் குற்றவாளி என்கிறார்கள். ஆனால் ஆண்ட்ராய்டு 9 முதல், பின்னணியில் கிடக்கும் செயலிகள் எல்லாம் சேர்ந்தே அரை மணிக்கு ஒருமுறைதான் தேடலாம் என்று கட்டுப்பாடு வந்துவிட்டது. அணைத்துப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

*

ஐபோன்காரர்களுக்கு வேறு கூத்து. இரவு படுக்கும்முன் கட்டுப்பாட்டு மையத்தில் வைஃபையைத் தட்டி அணைப்பேன். காலையில் பார்த்தால் இணைந்திருக்கும். வீட்டில் யாரோ என் போனை எடுக்கிறார்கள் என்று தம்பியிடம் சண்டைகூடப் போட்டேன். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 என்ற ஐபோன் இயங்குதளத்திலிருந்தே அங்கே தட்டினால் இணைப்பு துண்டிக்கப்படுமே தவிர, வைஃபை அணையாது. காலை ஐந்து மணிக்கோ, வேறிடம் போனாலோ மீண்டும் தானாக இணையும். முழுவதும் அணைக்க அமைப்புகளுக்குள்தான் போக வேண்டும். தம்பியிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

*

என் கதை கொஞ்சம் வெட்கக்கேடு. பாதுகாப்பு என்று எண்ணி வீட்டு ரூட்டரின் பெயரை யாருக்கும் தெரியாதபடி மறைத்து வைத்திருந்தேன். மறைத்த நெட்வொர்க் தன் பெயரை அறிவிக்காது, ஆகவே போன்தான் “நீ இருக்கிறாயா?” என்று போகுமிடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். நான் ஒளித்த பெயரை என் சட்டைப்பையே தண்டோரா போட்டுக்கொண்டிருந்தது, அதுவும் என் பேட்டரிச் செலவில்! மறைப்பை நீக்கிவிட்டேன்.

*

கேள்வி கேட்டவள்தான் மீண்டும். எல்லோரும் எழுதியதைப் படித்துவிட்டு, சேமித்த நெட்வொர்க்குகளின் பட்டியலைத் திறந்தேன். 38 பெயர்கள்! ஒருநாள் தங்கிய விடுதிகள், ஒருமுறை காத்திருந்த கூடங்கள், இப்போது பேச்சுவார்த்தையே இல்லாத ஒருத்தியின் வீடு. உற்சாகத்தில் ‘மறந்துவிடு’, ‘மறந்துவிடு’ என்று வரிசையாகத் தட்டிக்கொண்டே போனதில் எங்கள் வீட்டு வைஃபையும் போய்விட்டது. கடவுச்சொல் வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. மேசைக்கடியில் தவழ்ந்து, ரூட்டரைக் கவிழ்த்து, ஒட்டியிருந்த சீட்டில் பதினாறு எழுத்துகளை டார்ச் வெளிச்சத்தில் அம்மா படிக்கப் படிக்க நான் தட்டினேன். பூஜ்யமா, ‘ஓ’வா என்பதில்தான் இருபது நிமிடம் போயிற்று.