காலையில் −18, மதியம் −34: எந்த எண்ணை நம்புவது?

கேள்வி:
வணக்கம். ஐசியுவில் பிசியோதெரபிஸ்ட். செப்சிஸோடு (கிருமித் தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) வந்த நோயாளி, வென்டிலேட்டரில் இன்று 12-வது நாள். சொன்னால் புரிகிறது, ஆனால் கையைத் தூக்க முடியவில்லை. மூச்சுத் தசையும் தளர்ந்திருக்குமோ என்று ட்யூபில் ஒருவழி வால்வும் மானோமீட்டரும் மாட்டி, இழுக்கும் அழுத்தத்தை அளந்தோம். காலையில் நான் எடுத்தது −18 செ.மீ. நீர் (மைனஸ் என்றால் உள்ளே இழுப்பது; எண் பெரிதானால் இழுவை பலம்). மதியம் சீனியர் சிஸ்டர் எடுத்தது −34. இடையில் எந்த மருந்தும் மாறவில்லை. மீட்டர் கோளாறா, என் கை கோளாறா?

பதில் 1:
கஃப் (மூச்சுக்குழாயில் ட்யூபைச் சுற்றி ஊதியிருக்கும் பலூன்) பார்த்தீர்களா? ஓரமாகக் காற்று கசிந்தால் எண் குறைவாகத்தான் வரும். அப்புறம், எத்தனை நொடி பிடித்தீர்கள்?

கேட்டவர்:
கஃப் அழுத்தம் 26 செ.மீ. நீர், கசிவு இல்லை. ஐந்து நொடிதான் பிடித்திருப்பேன். அவர் கண்ணை அகல விழித்தார், பயந்துபோய்க் கழற்றிவிட்டேன். சிஸ்டர் இருபது நொடிக்கு மேல் பிடித்தாராம்.

பதில் 2 (ஐசியு டாக்டர்):
சரி, கோளாறு அங்கேதான். அந்த வால்வு மூச்சை விட மட்டும் விடும், இழுக்க விடாது. ஒவ்வொரு மூச்சுக்கும் நுரையீரல் இன்னும் கொஞ்சம் காலியாகும், உதரவிதானம் மேலேறி நீளும். நீண்ட தசைக்கு இழுவை அதிகம். காற்றுப் பசியும் ஏற ஏற, முயற்சி தானாகக் கூடும். அதற்கு 20–25 நொடி வேண்டும். ஆக்சிஜன் இறங்கினாலோ இதயத் துடிப்பு தாறுமாறானாலோ உடனே கழற்றுங்கள்; விழிப்பதற்காக வேண்டாம்.

−34 வந்தால் அவரால் அவ்வளவு முடியும் என்பது உறுதி. −18 வந்தால், அவ்வளவுதான் முடியுமா, தூக்க மருந்தா, நாம் அவசரப்பட்டோமா என்று தெரியாது. −30-ஐக்கூட எட்டாவிட்டால்தான் பலவீனம் என்று கவலைப்படுவோம். அதற்காக −34-ஐப் பார்த்து ட்யூபை எடுத்துவிடாதீர்கள். இருமல் எப்படி இருக்கிறது? சளி எவ்வளவு?

பதில் 3:
ஒத்துழைக்காத நோயாளி என்றால் அல்ட்ராசவுண்ட் வையுங்கள். வலது விலாவில், 8 முதல் 10-வது இடைவெளிக்குள் உதரவிதானம் தெரியும். மூச்சை இழுக்கும்போது அது 20 சதவீதம்கூடத் தடிக்காவிட்டால் சந்தேகப்படலாம். வென்டிலேட்டர் உதவியைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். மெஷினே இழுத்துக் கொடுத்தால் தசை சும்மாதான் இருக்கும்.

கேட்டவர் (மறுநாள்):
தலைப்பக்கத்தை உயர்த்தி, "கொஞ்ச நேரம் காற்று வராது, பயப்படாதீங்க, நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு 22 நொடி பிடித்தேன். இடையிடையே ஓய்வு கொடுத்து மூன்று தடவை: −31, −36, −35. இருமல்தான் இன்னும் சொத்தை, அதனால் ட்யூப் இருக்கிறது. சார்ட்டில் இனி எண்ணோடு நொடியையும் எழுதுகிறோம்.